முதலில் துண்டுக் கொடியைப் பாருங்கள்

விடுதிப் பள்ளி ஒன்றின் நோயறையில் செவிலியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் ‘சிஸ்டர்’. காய்ச்சல், வயிற்றுவலி, வீட்டு நினைப்பில் வரும் தலைவலி எல்லாம் என்னிடம்தான் வரும். ஒரு வருடம் கண்வலி வந்தது. திங்கட்கிழமை காலை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். இமை வீங்கி, வெள்ளைவிழி செக்கச்செவேலென்று சிவந்து, தண்ணீர் தாரையாகக் கொட்டியது. தனியறையில் படுக்கவைத்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் என் நோயறையில் 17 பேர்.

எங்கே கோட்டைவிட்டேன் என்று கண்டுபிடித்தது நான் இல்லை, பாத்திரம் கழுவ வரும் அக்கா. “சிஸ்டர், முகம் கழுவுற இடத்துல ஒரு துண்டு தொங்குதே, அதை யாரு துவைக்கிறது?” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆணி, அதில் ஒரு நீலத் துண்டு. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சொதசொதவென்று ஈரம். மூன்று அறைப் பிள்ளைகள், 42 பேர், தினமும் காலையில் அதில்தான் முகம் துடைத்திருக்கிறார்கள். அதைத் துவைப்பது யார் பொறுப்பு என்று யாருக்குமே தெரியவில்லை.

அன்றிலிருந்து யாராவது “வீட்டில் ஒருத்தருக்குக் கண்வலி, என்ன செய்வது?” என்று கேட்டால், அவர்கள் வீட்டில் துண்டு எங்கே காய்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் முறைத்துப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

கண்வலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பார்வை வழியாக எதுவும் தாவாது. கண்ணீரிலும் பீளையிலும் இருக்கும் கிருமி அவருடைய விரலுக்கு வருகிறது, விரலிலிருந்து கதவுப் பிடிக்கும் துண்டுக்கும் போகிறது, அங்கிருந்து உங்கள் விரலுக்கு, கடைசியாக உங்கள் கண்ணுக்கு. கறுப்புக் கண்ணாடி நோயாளிக்கு வெளிச்சக் கூச்சத்தைக் குறைக்கும், அடிக்கடி கண்ணைக் கசக்குவதையும் கொஞ்சம் தடுக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது.

‘நான் கண்ணைத் தொடவே மாட்டேன்’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வகுப்பில் வீடியோ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. மணிக்குச் சராசரியாக 23 தடவை முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதித் தடவை கண், மூக்கு, வாய். கிருமியைப் பற்றிப் படிக்கிறவர்களே அப்படி. ஆகவே தொடாதே என்று சொல்லிப் பயன் இல்லை, தொடுகிற கையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் நடக்கிற காரியம்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்வது பெரும்பாலும் வைரஸ் வேலை. அதிலும் அடினோ வைரஸ்தான் அதிகம். இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. அதனால் கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவத்துக்கு இது அவ்வளவு எளிதில் மசியாது. காய்ந்துபோன பிளாஸ்டிக், உலோகம் மீதுகூட வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 20 விநாடியாவது தேய்த்துக் கழுவினால் கிருமி கையை விட்டுக் கழன்று போய்விடும். கட்டைவிரல், விரல் நுனி, நகக்கண் இந்த மூன்றையும் மறக்காதீர்கள். கண்ணைக் கசக்குவது உள்ளங்கையால் இல்லையே, விரல் நுனியால்தானே.

துண்டு, தலையணை உறை, கைக்குட்டை, முகம் துடைக்கும் துணி ஆகிய நான்கையும் அன்றே பிரித்துவிடுங்கள். தலையணை உறையைத் தினமும் மாற்ற வேண்டும். நோயாளி எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறாரோ அந்தப் பக்கம் ராத்திரி முழுக்கக் கண்ணீர் ஊறியிருக்கும். துணிகளை மற்றவர்கள் துணியோடு போட்டு ஊறவைக்காமல், கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் மொறமொறவென்று காயும்வரை விடுங்கள். நிழலில் பாதி காய்ந்த துண்டை எடுத்து மடிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கங்களில் முதலாவது.

எங்கள் விடுதியில் 42 ஆணி அடித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு துண்டு இன்னொன்றைத் தொடாதபடி ஒரு சாண் இடைவெளி. வார்டன் அம்மா முதலில் “இதெல்லாம் அதிகம்” என்றார். அப்புறம் அவரே ஒரு பெயிண்ட் டப்பா கொண்டுவந்து எண் எழுதினார். சுவரில் இடம் இல்லாத வீடுகளில் ஒன்று செய்யலாம்: ஆளுக்கு ஒரு நிறத் துண்டு. சின்னப் பிள்ளைக்கும் அது புரியும்.

அடுத்து, எல்லாரும் தொடும் இடங்கள். குழாய்த் திருகு, கதவுப் பிடி, விளக்கு சுவிட்ச், டிவி ரிமோட், செல்போன். செல்போன்தான் மோசம். கண்வலிக்காரருக்குப் பொழுது போக அதைத்தான் கொடுப்போம், அப்புறம் நாமும் அதையே காதில் வைப்போம். குழாயையும் பிடிகளையும் துடைக்க, 5 சதவீத பிளீச்சிங் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும், பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துவிடலாம். அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது, வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செல்போனுக்கும் ரிமோட்டுக்கும் இந்தக் கரைசல் வேண்டாம், கெட்டுவிடும். கண்வலி தீரும்வரை அவற்றைக் கைமாற்றாமல் இருந்தாலே போதும்.

பீளையைத் துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சு, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். திருப்பி மடித்து மறுபடி துடைக்கக் கூடாது. ஒரு கண்ணில் மட்டும் நோய் இருந்தால் நல்ல கண்ணை முதலில் துடையுங்கள். துடைத்த பஞ்சு, மூடியுள்ள குப்பைத்தொட்டிக்கு; கை, சோப்புக்கு. சொட்டு மருந்துக்கும் இதே ஒழுங்கு. கீழிமையை இழுத்துச் சின்னப் பை மாதிரி ஆக்கி, புட்டி முனை இமையிலோ இமைமயிரிலோ படாமல் ஒரு சொட்டு. பட்டுவிட்டால் அந்தப் புட்டியே கிருமிக்கு வீடாகிவிடும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். ஒருவருடைய புட்டியை இன்னொருவருக்கு ஊற்றவே கூடாது. ‘அவனுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு’ என்று பாதிப் புட்டியோடு என்னிடம் வந்த பெற்றோர் எத்தனையோ பேர்.

மருந்தைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். வைரஸ் கண்வலிக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு வேலை செய்யாது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத்தான் போகும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை வழிந்து இமை திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு எந்தச் சொட்டு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் கொள்ளாமல் ஸ்டீராய்டு சொட்டு விடுவது மிக ஆபத்து. சிவப்பு மளமளவென்று வடிந்துவிடும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் உள்ளே ஹெர்பெஸ் வைரஸ் இருந்தால் கருவிழியையே தின்றுவிடும். கண்ணின் அழுத்தமும் ஏறலாம்.

உறுத்தலையும் தாண்டி நிஜமான வலி, விளக்கைப் பார்க்கவே முடியாத கூச்சம், துடைத்த பிறகும் மங்கலாகத் தெரிவது, இதில் எது இருந்தாலும் அன்றே கண் மருத்துவர். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அவரும் அன்றே போக வேண்டும். லென்ஸையோ அதன் டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற அமீபா கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டிவரும். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண்வலியின்போது தொட்ட கண்மைப்புட்டியைத் தூக்கி எறிந்துவிடுங்கள், மனது வராவிட்டாலும்.

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கண்ணில் பீளை வந்தால் ‘தூசி விழுந்திருக்கும்’ என்று ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து வரும் கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி சில நாட்களிலேயே கருவிழியை ஓட்டை போட்டுவிடும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரேடே என்ற மருத்துவர் 1880 வாக்கில் பிறந்த குழந்தைகளின் கண்ணைத் துடைத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட ஆரம்பித்தார். பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த நோய் அவருடைய பிரசவ விடுதியில் மிகச் சொற்பமாகிப்போனது.

எப்போது வகுப்புக்கு, வேலைக்குத் திரும்பலாம்? நான் நாளைக் கணக்கெடுப்பதில்லை. கண்ணில் தண்ணீர் நின்று, காலையில் இமை ஒட்டாமல் திறந்தால் போகலாம். சிவப்பு லேசாக மிச்சமிருந்தால் பாதகம் இல்லை. வைரஸாக இருந்தால் இதற்கு இரண்டு வாரம்கூட ஆகும். முதலில் வந்த அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணை நான் நான்காம் நாளே அனுப்பிவிட்டேன். நீலத் துண்டு முதல் குற்றவாளி என்றால் இரண்டாவது நான்.

ஈயும் குழியும்

விடுதிக்கு வருமுன் இரண்டு வருடம் ஒரு கூடார முகாமில் வேலை பார்த்தேன். அங்கே கண்வலி வேறு ரகம். சின்னப் பிள்ளைகளின் கண்ணோரத்தில் பீளையும் மூக்கில் சளியும் காய்ந்திருக்கும். அதில் ஐந்தாறு ஈ உட்கார்ந்திருக்கும், பிள்ளை விரட்டக்கூட மாட்டான். பழகிப்போயிருக்கும். அங்கே நாங்கள் பயந்தது பார்வையையே பறிக்கும் டிரக்கோமா என்ற கண்நோய்க்கு.

கிளமிடியா டிராக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியா இதற்குக் காரணம். டாங் ஃபெய்ஃபான் என்ற சீன விஞ்ஞானி 1950களில் இதைக் கோழிமுட்டைக் கருவில் வளர்த்தெடுத்தார். அது போதாதென்று தன் கண்ணிலேயே தொற்றவைத்தும் பார்த்தார். இந்தக் கிருமி ஒருமுறை வந்துபோனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிள்ளைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மேலிமையின் உட்புறம் தழும்பாகிச் சுருங்கும், பல வருடம் கழித்து இமைமயிர் உள்பக்கம் திரும்பும், ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் கருவிழியைச் சுரண்டும். அப்படித்தான் பார்வை போகிறது. பெண்களுக்கு இதனால் பார்வை போவது ஆண்களைவிட நான்கு மடங்குவரை அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் எளிது: பிள்ளையின் முகத்தை முந்தானையால் துடைத்து, அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொள்வது யார்?

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இந்த நோய் சர்வசாதாரணம். லண்டனில் 1805இல் தொடங்கிய மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையே, எகிப்துப் போரிலிருந்து இந்தக் கண்ணோடு திரும்பிய சிப்பாய்களால் வந்ததுதான். அங்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பே நோய் வடியத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, ஒரே படுக்கையில் ஆறு பேர் நெருக்கியடித்துப் படுப்பது குறைந்தது, சாக்கடை மூடப்பட்டது. இன்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரே வேளை கொடுத்தால் கிருமி போய்விடும். ஆனால் முகமும் ஈயும் பழையபடியே இருந்தால் கிருமி திரும்பி வரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தில் அறுவை சிகிச்சை, மருந்து என்ற இரண்டோடு முகச் சுத்தமும் சுற்றுப்புறமும் சேர்ந்து நான்காக இருக்கின்றன. ஓமன் 2012இல் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக அங்கீகாரம் பெற்றது. இந்தியா 2024இல் பெற்றது.

முகாமில் தாய்மார்கள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: “தண்ணி ஏது சிஸ்டர்?” நியாயமான கேள்வி. நான் ஒரு லிட்டர் புட்டியை எடுத்து, வரிசையாகப் பிள்ளைகளை நிறுத்தி, கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முகம் கழுவிக் காட்டினேன். ஒன்பது முகம் கழுவியும் அடியில் கொஞ்சம் மிச்சம். கண்ணோரம், மூக்கடி இந்த இரண்டு இடம் போதும். ஈ தேடி வருவது அங்கேதான்.

குழாய் இல்லாத இடத்தில் கை கழுவ நாங்கள் செய்தது மிதிக்கேன். 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று, இரண்டு கவைக்குச்சி, ஒரு குறுக்குக் கம்பு, கயிறு. கேனின் முன்பக்கம், மூடியிலிருந்து நான்கு விரல் கீழே, சூடு காட்டிய ஆணியால் ஒரு சின்ன ஓட்டை. குறுக்குக் கம்பைக் கைப்பிடிக்குள் நுழைத்துக் கவைமேல் வையுங்கள். மூடிக் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுநுனியைத் தரையில் கிடக்கும் ஒரு குச்சியில் கட்டுங்கள். குச்சியை மிதித்தால் கேன் முன்னால் சாயும், ஓட்டை வழியே நூலாகத் தண்ணீர் வரும், காலை எடுத்தால் நிற்கும். தண்ணீரை ஓட்டைக்குக் கீழே நிற்கும்படி நிரப்ப வேண்டும். கையால் எதையுமே தொடாமல் கழுவலாம் என்பதுதான் இதன் அழகு. சோப்பை ஓட்டை போட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காணாமல் போகும். அனுபவம்.

இனி ஈ. டிரக்கோமாவைத் தூக்கித் திரியும் ஈ வீட்டு ஈயின் சகோதரி, மஸ்கா சார்பென்ஸ் என்று பெயர். திறந்த தரையில் கிடக்கும் மனித மலம்தான் அது முட்டையிட மிகவும் விரும்பும் இடம். மூடிய கழிப்பறைக் குழிக்குள் அது பெருகுவதில்லை. காம்பியாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், கழிப்பறை கட்டிக்கொடுத்ததால் மட்டும் பிள்ளைகளின் கண்ணில் பிடித்த இந்த ஈக்கள் 30 சதவீதம் குறைந்தன. பூச்சிமருந்து தெளித்த ஊர்களில் 88 சதவீதம். மருந்துதானே ஜெயித்தது என்று கேட்பீர்கள். தெளிப்பதை நிறுத்தினால் ஈ திரும்பி வரும், குழி அங்கேயே இருக்கும். எனக்குக் குழிதான் பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். ‘குழந்தை மலம்தானே, ஒன்றும் செய்யாது’ என்று ஓரமாக விட்டுவிடுவார்கள். கண்ணில் கிருமி அதிகம் சுமப்பதே குழந்தைகள்தான், ஈக்கும் அந்த மலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அள்ளிக் கழிப்பறையில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

குழிக் கழிப்பறை கட்டுகிறீர்கள் என்றால் காற்றுக் குழாய் இல்லாமல் கட்டாதீர்கள். குழியிலிருந்து ஒரு ஜாண் குறுக்களவுக்குக் கொஞ்சம் குறைவான குழாய் நேராக மேலே போய், கூரையைத் தாண்டி அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் வாயில் கொசுவலை மாதிரி நெருக்கமான, துருப்பிடிக்காத கம்பி வலை. கழிப்பறைக்குள் அரை இருட்டாக இருக்கட்டும். குழியிலிருந்து வெளியேறப் பார்க்கும் மற்ற ரக ஈ வெளிச்சத்தைத் தேடும், குழாயின் உச்சியில் தெரியும் வானத்தை நோக்கிப் பறக்கும், வலையில் முட்டி மோதி அங்கேயே சாகும். காற்று குழாய் உச்சியைத் தடவிக்கொண்டு போவதால் உள்ளிருக்கும் நாற்றமும் மேலே இழுபடும். இன்றைய ஜிம்பாப்வேயில் 1970களில் 78 நாள் எண்ணிப் பார்த்தார்கள்: சாதாரணக் குழியில் 13,953 ஈ, வலைக்குழாய் வைத்த குழியில் 146.

வலைதான் எல்லாமே. எங்கள் முகாமில் ஒரு கழிப்பறையில் திடீரென்று ஈ பெருத்தது. குழாய் சரி, குழி சரி. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் வலையின் ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் கிழிசல். அதனால் மாதம் ஒருமுறை ஏறிப் பாருங்கள், கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். இறங்குமுன் ஒரு வாளித் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றுங்கள். உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தால் காற்று ஏறாது.